மாண்டரின் படிக்க மூன்று மாதம்: தைபேயா, பெய்ஜிங்கா, சிங்கப்பூரா, இல்லை சென்னையே போதுமா?

ஒரகடம், சுங்குவார்சத்திரம், மறைமலைநகர் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் மத்தியில் இந்தப் பேச்சு சில வருடங்களாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபாக்ஸ்கான், பெகாட்ரான் என்று தைவான்காரர்கள் வந்து இறங்கினார்கள், செய்யாறு பக்கம் காலணித் தொழிற்சாலைகளும் வந்தன, லைனில் மெஷின் நின்றுபோனால் பார்க்க வருகிற இன்ஜினியருக்கு ஆங்கிலம் அரைகுறை, நமக்கு மாண்டரின், அதாவது அவர்கள் பேசுகிற சீன மொழி, சுத்தமாகத் தெரியாது, நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாட்டிக்கொண்டு முழிப்பார். அதனால் கம்பெனி கொஞ்ச நாளைக்குத் தைவான் அனுப்புகிறது என்றதுமே வருகிற கேள்வி, "அங்கே இருக்கும்போதே பாஷையைப் பிடித்துவிடலாமா, எந்த ஸ்கூல் நல்லது?" என்பதுதான். இதையே வேறு மாதிரி கேட்கிறவர்களும் உண்டு. சிங்கப்பூரிலோ ஷாங்காயிலோ கணவருக்கு வேலை, மனைவிக்குப் பகலெல்லாம் நேரம். அல்லது ஒரு வேலையை விட்டு அடுத்த வேலைக்குப் போகுமுன் இரண்டு மூன்று மாதம் கையில் இருக்கிற ஆள்.

நான் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி வேலையாகத் தைபேயில் தங்கியிருந்தபோது படித்தேன், இப்போது சென்னைக்கே திரும்பிவிட்டேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பள்ளியின் பெயரை அப்புறம் பார்க்கலாம், உங்கள் கையில் இருப்பது தொடர்ச்சியான மூன்று மாதமா, வேலைக்கு நடுவே கிடைக்கிற மாலை நேரமா, நான்கு வார லீவா என்று முதலில் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும்போது மாண்டரினுக்கு 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. அதுவும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமாகப் படிக்கிறவர்களுக்கு. நீங்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் என்று 12 வாரம் படித்தால் 180 மணி நேரம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே "மூன்று மாதத்தில் சரளமாகப் பேசலாம்" என்று விளம்பரம் போடுகிற பள்ளியை அந்த இடத்திலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மூன்று மாதத்தில் கிடைக்கக்கூடியது இதுதான்: சாப்பாடு சொல்ல, வழி கேட்க, விலை பேச, தொழிற்சாலையில் "இது எப்போது வரும், ஏன் தாமதம்" என்று கேட்டு, வருகிற பதிலில் பாதியைப் புரிந்துகொள்ள முடியும். இதுவே பெரிய விஷயம். மீட்டிங்கில் முதல் இரண்டு நிமிடம் அவர்கள் மொழியில் பேசிவிட்டால் எதிரில் இருக்கிறவர் முகமே மாறிவிடும்.

அடுத்தது, தமிழ் வாய்க்கென்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது, பள்ளியைத் தேர்ந்தெடுக்க இது நேரடியாக உதவும். பின்யின் எனப்படும் ரோமன் எழுத்து முறையில் B என்று எழுதியிருப்பது மூச்சுக்காற்று வெளியே தள்ளாத ஒலி, நாம் 'பல்', 'பணம்' என்று சொல்லும்போது வருகிற அதே ப. ஆங்கிலத்தில் 'பேங்க்' என்று சொல்கிற முதல் எழுத்து போல அதை அழுத்திச் சொல்லக் கூடாது. ஆங்கிலத்தில் 'பேப்பர்' என்பதற்கு முதல் எழுத்தாக வருகிறதே, அந்த P எழுத்தைப் பின்யினில் பார்த்தால் காற்றை ஊதித் தள்ள வேண்டும், பழத்துக்கான இந்திச் சொல்லை நாம் 'பல்' என்று சொன்னால் இந்திக்காரர் திருத்திச் சொல்லுவாரே அந்த மாதிரி. த, க வரிசைக்கும் இதே கதைதான். தமிழில் மூச்சை ஊதுகிற, ஊதாத ஒலிகள் வேறு வேறு எழுத்தாக இல்லாததால் நமக்குக் காதும் பிரிப்பதில்லை, வாயும் பிரிப்பதில்லை. எங்கள் ஆசிரியை ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிழித்து என் உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அது ஆடினால்தான் அடுத்த சொல்லுக்குப் போவார். பேப்பர் ஆடவில்லை என்றால் ஒன்றும் பேசாமல் பிடித்தபடியே நிற்பார். மற்றபடி நமக்குச் சாதகமும் உண்டு. நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகளில் ஐரோப்பியர்கள் வாரக்கணக்கில் திணறுவார்கள், ட, ண, ள, ழ என்று பழகிய நமக்கு அது சுலபம். மாண்டரினில் வருகிற 'ர' கிட்டத்தட்ட நம்முடைய ழ இருக்கிற பக்கத்தில்தான் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், இந்த மூச்சு விஷயத்தையும் நான்கு தொனிகளையும் (ஒரே ஒலியை ஏற்றி இறக்கிச் சொன்னால் பொருளே மாறிவிடும்) முதல் சில வாரங்களில் யாராவது ஒருவர் உட்கார்ந்து உங்கள் வாயைப் பார்த்துத் திருத்தியாக வேண்டும். எட்டுப் பேர் வகுப்பில் அது நடக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் 50 நிமிடம், மொத்தம் 150 நிமிடம். பாதி நேரம் ஆசிரியர் பேசுவார், மீதி 75 நிமிடத்தை எட்டுப் பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒன்பது நிமிடம் சொச்சம். தனி வகுப்பில் 50 நிமிடத்தில் பாதி உங்களுடையது, 25 நிமிடம். வாய்க்கு மட்டும் பார்த்தால் ஒரு தனி வகுப்பு, மூன்று குழு வகுப்பைவிட மேல். ஆனால் குழு வகுப்பில் விசா கிடைக்கும், கூடப் படிக்கிறவர்கள் கிடைப்பார்கள், மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் காது பழகும், தேர்வு வைத்து விரட்டுவார்கள். வயது வந்தவர்களுக்கு விரட்ட ஆள் இருப்பது எவ்வளவு நல்லது என்று வீட்டிலேயே படிக்க முயன்ற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சரி, தைபே. சென்னைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது தைவான்தான், அங்கே இருந்துவிட்டு வந்த பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் நடத்தும் மொழி மையங்களில் பெரியது தேசிய தைவான் நார்மல் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம், 1956இல் தொடங்கியது, ஊரில் சுருக்கமாக ஷிடா என்பார்கள். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று வருடத்துக்கு நான்கு பருவம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று மாதம். வாரம் 10 மணி நேரம் சாதாரண வகுப்பு, 15 மணி நேரம் தீவிர வகுப்பு. தீவிர வகுப்புக்கு ஒரு பருவத்துக்கு நம் காசில் லட்ச ரூபாய் சுற்றி வரும். ஒரு தைவான் டாலர் மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக் கட்டணம் சமாளிக்கலாம், தைபேயில் அறை வாடகைதான் ஆளைக் கொல்லும். பொதுக் குளியலறையோடு ஒரு சின்ன அறைக்கே மாதம் பத்தாயிரம் தைவான் டாலர் கொடுக்க வேண்டியிருக்கும்.

தேசிய தைவான் பல்கலைக்கழகத்தில் ஐசிஎல்பி என்று ஒரு மையம் இருக்கிறது, 1960களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆரம்பித்தது. ஒரு வகுப்பில் அதிகபட்சம் நான்கு பேர், வளாகத்துக்குள் மாண்டரின் தவிர வேறு பேசமாட்டேன் என்று உறுதிமொழி, தினமும் மலைபோல வீட்டுப்பாடம். கட்டணம் மற்ற இடங்களைப்போலப் பல மடங்கு. ஆராய்ச்சிக்காரர்களுக்கும், ஏற்கெனவே ஒரு வருடமாவது படித்தவர்களுக்கும் அது தங்கச் சுரங்கம். புதிதாக ஆரம்பிக்கிறவர் அங்கே பணம் கட்டுவது வீண் என்பது என் எண்ணம், அதே பணத்தில் வேறு இடத்தில் இரண்டு பருவம் படித்துவிடலாம்.

வேலைக்காகத் தைவானில் ஏற்கெனவே குடியிருப்பு அட்டையோடு இருக்கிறீர்கள் என்றால் விசாவுக்காகப் பருவப் பள்ளியில் சேர வேண்டிய அவசியமே இல்லை. அப்போது டிஎல்ஐ மாதிரியான இடங்கள்தான் சரி. தைபே லாங்குவேஜ் இன்ஸ்டிடியூட், இதுவும் 1956 வாக்கில் தொடங்கியதுதான். மணிக்கணக்கில் வாங்கிக்கொள்ளலாம், தனி வகுப்பு, எந்த வாரமும் ஆரம்பிக்கலாம், வேலைப்பளு கூடினால் தள்ளிப்போடலாம். மணிக்கு இவ்வளவு என்று பார்த்தால் பல்கலைக்கழகத்தைவிடக் கூடுதல்தான். ஆனால் பர்ச்சேஸ் ஆளுக்கு மாதக் கடைசியில் ஒரு வாரம் மூச்சுவிட நேரம் இருக்காது, பருவ வகுப்பில் அந்த ஒரு வாரம் போய்விட்டால் பத்துப் பாடம் ஓடிவிடும், பிறகு பிடிக்கவே முடியாது. வேலை பார்த்துக்கொண்டே வாரம் 15 மணி நேர வகுப்பில் சேர்ந்து, நடுவில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தைபே தவிர மற்ற ஊர்களையும் யோசிக்கலாம். சின்ச்சூவில் செமிகண்டக்டர் கம்பெனிகளுக்காக வந்த நம் ஆட்கள் இருக்கிறார்கள், சிங் ஹுவா பல்கலைக்கழகத்தில் மொழி மையமும் உண்டு. பொங்கலுக்குக் கூடிச் சமைக்க ஆள் கிடைக்கும், அதுவே ஆபத்தும்கூட, மாலையெல்லாம் தமிழிலேயே போய்விடும். தைனானில் செங் குங் பல்கலைக்கழகம், கௌசியுங்கில் வென்ஸாவ். வாடகை குறைவு, வெயில் நம் ஊர் மாதிரி, ஆங்கிலம் தெரிந்தவர்கள் தைபேயைவிடக் குறைவு என்பதால் வேறு வழியில்லாமல் பேசுவீர்கள். ஆனால் தெற்கே போகப் போக வயதானவர்கள் தைவானிய மொழியில்தான் பேசிக்கொள்வார்கள், மாண்டரினில் இல்லை. சந்தையில் பாட்டி பேசுவது ஒரு வார்த்தையும் புரியவில்லையே என்று உங்கள் படிப்பைச் சந்தேகப்பட வேண்டாம்.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குத் தைவானைவிட நல்ல இடம் கிழக்காசியாவில் இல்லை என்றே சொல்வேன். தெருவுக்குத் தெரு சைவக் கடை, பௌத்தர்கள் வழக்கம், வெங்காயம் பூண்டுகூடப் பல இடங்களில் சேர்க்கமாட்டார்கள். தட்டில் வேண்டியதை நாமே எடுத்துக்கொண்டு போனால் கல்லாவில் எடை போட்டு விலை சொல்வார்கள். வகுப்பில் நூறு வரை எண்ணுகிற உங்களுக்கு அந்த அம்மா படபடவென்று சொல்லும் எண்தான் முதல் உண்மையான தேர்வு, தராசில் இருக்கும் எண்ணை எட்டிப் பார்க்காமல் சில்லறையை எடுத்து வைக்க முடிகிற நாள் வரும். மூலைக்கு மூலை இருக்கும் செவன் இலெவன் கடையில் இன்னொரு தேர்வு. பில் போடும்போது பை வேண்டுமா, மெம்பர் அட்டை இருக்கிறதா, மின்-ரசீதைச் சேமிக்கும் பார்கோடு இருக்கிறதா என்று மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்பார்கள். எந்தப் பாடப்புத்தகத்தின் முதல் பாடத்திலும் இது இல்லை, எல்லோரும் முதல் மாதம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருவோம்.

பணம் பற்றி இன்னொன்று. தைவான் கல்வி அமைச்சகம் ஹுவாயு உதவித்தொகை என்று ஒன்று தருகிறது, கோடையில் இரண்டு மாதம், அல்லது மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மாதம் என்று பல கால அளவில். வெகுகாலம் மாதம் 25,000 தைவான் டாலர் என்று இருந்தது. வகுப்புக் கட்டணத்தையும் வாடகையையும் அதிலிருந்து நாம்தான் கட்ட வேண்டும், ஆனாலும் முக்கால்வாசிச் செலவு அதிலேயே ஓடிவிடும். விண்ணப்பம் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில். சென்னையிலேயே தைபே பொருளாதார, கலாச்சார மையம் 2012 முதல் இருக்கிறது, விசாவும் அங்கேதான். இந்த ஒரு காரணத்துக்காகவே நம் ஊர்க்காரர்களுக்குத் தைவான் சுலபம், டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. விசாவுக்காகச் சேர்கிறவர்கள் வாரம் 15 மணி நேர வகுப்பைத்தான் எடுக்க வேண்டும், வருகைப் பதிவு குறைந்தால் நீட்டிப்பில் பிரச்சினை வரும். அமைச்சகம் அங்கீகரித்த மையங்களுக்கு மட்டும்தான் இந்த விசா. ஆகவே பார்க்க அழகாக இருக்கும் தனியார் பள்ளியின் இணையதளத்தை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

சீனா பக்கம் வருவோம். பெய்ஜிங் மொழி, கலாச்சாரப் பல்கலைக்கழகம் 1962இல் வெளிநாட்டவருக்கு மொழி சொல்லித்தருவதற்கென்றே ஆரம்பித்தது, இன்று மாண்டரின் கற்பிக்கும் உலகத்தில் அதற்கு இருக்கும் பெயர் பெரியது. ஊதாவ்கொவ் என்ற பகுதியில் இருக்கிறது, சுற்றிலும் பல்கலைக்கழகங்கள், மாணவர் கூட்டம். செப்டம்பரிலும் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சிலும் தொடங்கும் இரண்டு நீண்ட பருவம், நடுவே சில வாரக் குறுகிய வகுப்புகள். ஒரு பருவத்துக்குக் கட்டணம் பத்தாயிரம் யுவானைத் தாண்டும், மாணவர் விடுதி கிடைத்தால் மொத்தத்தில் தைபேயைவிடக் குறைவாகவே முடியும். வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பு என்பதால் காசுக்கு அதிக நேரம் கிடைக்கிறது. ஆனால் வகுப்பு பெரியது, பதினைந்து இருபது பேர் சாதாரணம். மேலே போட்ட கணக்கில் எட்டுக்குப் பதில் இருபதைப் போட்டுப் பாருங்கள்.

ஊர்ப் பேச்சைப் பற்றி எல்லோரும் பெய்ஜிங்தான் சுத்தம் என்பார்கள். ஓரளவு உண்மை. நாக்கை மடிக்கும் ஒலிகள் தெளிவாக இருக்கும், ஆனால் சொல்லின் கடைசியில் எல்லாம் ஒரு 'ர்' ஒட்டிக்கொள்ளும், டாக்சிக்காரர் பேசினால் வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். தைபேயில் நேர்மாறு, வெளியே மக்கள் நாக்கை மடிக்கவே சோம்பல்படுவார்கள், ஷ எல்லாம் ஸ ஆகிவிடும். இரண்டு ஊரிலும் வகுப்பறைக்குள் ஆசிரியர்கள் தெளிவாகத்தான் பேசுகிறார்கள். மூன்று மாதத்துக்குள் இந்த உச்சரிப்பு வித்தியாசம் உங்களிடம் வந்து ஒட்டப்போவதில்லை, இதை வைத்து ஊரை முடிவு செய்வது தேவையில்லாத கவலை.

சீனாவில் கவலைப்பட வேண்டியவை வேறு. சென்னையில் சீனத் துணைத் தூதரகம் கிடையாது, விசா வேலைக்கு வெளியூர் போக வேண்டும் அல்லது ஏஜென்ட் மூலம் அனுப்ப வேண்டும். 180 நாளுக்குள் என்றால் எக்ஸ்2 விசா, அதற்கு மேல் எக்ஸ்1. எக்ஸ்1இல் போனால் இறங்கின 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதி எடுக்க வேண்டும். குறுகிய படிப்புக்கு எக்ஸ்2 போதும், பள்ளி அந்த விசாவுக்கான சேர்க்கைக் கடிதம் தரும் தகுதி உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாத் தனியார் பள்ளிகளுக்கும் அது கிடையாது. 2020இல் நின்ற இந்தியா-சீனா நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில்தான் திரும்ப ஆரம்பித்தன, சென்னையிலிருந்து போகிறவர்களுக்குச் சிங்கப்பூர், ஹாங்காங், பாங்காக் வழிதான் வசதி. அப்புறம் வாட்ஸ்அப். அங்கே வாட்ஸ்அப், யூடியூப், கூகுள் எதுவும் வேலை செய்யாது. தினமும் இரவு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டே ஆக வேண்டும் என்கிற வீடாக இருந்தால், போகுமுன் வீட்டில் எல்லோர் போனிலும் வீசாட் ஏற்றிப் பழக்கிவிட்டுப் போங்கள், அல்லது இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருங்கள், ரோமிங்கில் வாட்ஸ்அப் ஓடும். கடையில் பணம் யாரும் வாங்குவதில்லை என்கிற அளவுக்கு அலிபே, வீசாட் பே என்ற போன் ஆப்கள்தான். விசா, மாஸ்டர் கார்டுகளை அதில் இணைத்துக்கொள்ளலாம்.

நான்கு வாரம்தான் இருக்கிறது, முழுதாக மூழ்கிப் படிக்க வேண்டும் என்கிறவர்களுக்குக் குன்மிங் நல்ல யோசனை. யூனான் மாகாணத்துத் தலைநகர், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம், வருடம் முழுக்க ஊட்டி மாதிரி இதமான வானிலை. கீட்ஸ் என்ற தனியார் பள்ளி அங்கே தனி வகுப்புக்குப் பேர்போனது, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் ஒரே இடத்தில். யாங்ஷுவோவில் ஓமெய்டா என்று இன்னொன்று, குய்லின் பக்கத்தில் மலையும் ஆறுமாக இருக்கும் சின்ன ஊர். இந்த மாதிரி இடங்களில் தினமும் நான்கு மணி நேரம் ஒரே ஆசிரியர் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பார், தப்பிக்க வழியே இல்லை. தினமும் ஆசிரியர் மாறினால் நல்லதா, ஒருவரே என்றால் நல்லதா என்று கேட்டால், முதல் இரண்டு வாரம் ஒருவர், பிறகு மாற்றச் சொல்லுங்கள். ஒருவர் பேச்சுக்கே காது பழகிவிட்டால் வெளியே இறங்கியதும் ஒன்றும் புரியாது. கணக்குப் பார்த்தால் இதுதான் மணிக்கு அதிகச் செலவு, மாதத்துக்கு என்று பார்த்தால் தைபே வாடகையோடு சேர்த்துப் பெரிய வித்தியாசம் இல்லை.

சிங்கப்பூரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 1979இல் லீ குவான் யூ மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கியதிலிருந்து அங்கே சீனர்களின் பொது மொழி அதுதான், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கன்ஃபூசியஸ் கழகம் முதல் சமூக மன்றங்களில் நடக்கும் வாராந்திர வகுப்பு வரை படிக்கவும் இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் திக்கித் திணறி ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடுவார், லிட்டில் இந்தியா இருக்கும் தேக்கா பக்கம் போனால் தமிழிலேயே எல்லாம் முடிந்துவிடும். என் சித்தி மகள் அங்கே குடியிருக்கிறாள், சமூக மன்றத்தில் வாரம் ஒரு வகுப்பு என்று ஒரு வருடத்துக்கும் மேல் போனாள், பக்கத்து வீட்டு ஆன்ட்டியோடு பேச ஆரம்பித்தது வகுப்பை நிறுத்திவிட்டு அந்த ஆன்ட்டிக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கப் போனபோதுதான். ஏற்கெனவே அங்கே குடியிருந்தால் படியுங்கள், படிப்பதற்கென்று சென்னையிலிருந்து சிங்கப்பூர் போக வேண்டாம். கோலாலம்பூருக்கும் இதேதான், அங்கே கேன்டனீஸ், பினாங்கில் ஹொக்கியன் என்று வேறு சீன மொழிகளும் சேர்ந்து இன்னும் குழப்பும்.

சென்னையில் படிக்க முடியாதா என்றால், ஆரம்பத்தைத் தாராளமாக இங்கேயே படிக்கலாம், படிக்கவும் வேண்டும். தனியார் வகுப்புகள் நகரத்தில் சில இருக்கின்றன, தரம் முழுக்க ஆசிரியரைப் பொறுத்தது. சேருமுன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள், ஆசிரியர் தொனியைத் திருத்துகிறாரா, போர்டில் எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாரா என்று தெரிந்துவிடும். ஆன்லைனில் தனி ஆசிரியர் பிடித்தால் மலிவு, ஆனால் நேர வித்தியாசத்தைக் கவனியுங்கள். சீனாவும் தைவானும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். ஒரகடத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து குளித்துவிட்டு எட்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் அங்கே மணி பத்தரை, ஆசிரியர் கொட்டாவி விடுவார். காலை ஆறு மணி என்றால் அங்கே எட்டரை, அதுதான் வேலைக்கு ஆகும். காலையில் எழ முடியாதவர்கள் சனி, ஞாயிறு வைத்துக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முன் இப்படி இரண்டு மாதம் பின்யினையும் தொனியையும் முடித்துவிட்டுப் போனால், அங்கே போய் முதல் மூன்று வாரத்தை அ, ஆ படிப்பதில் செலவழிக்காமல் இரண்டாம் நிலையில் சேரலாம். குறுகிய காலப் படிப்பில் மூன்று வாரம் என்பது கால் பங்கு.

எழுத்து விஷயத்தில் ரொம்பக் குழப்பிக்கொள்கிறார்கள். தைவானில் பழைய முழு எழுத்து, சீனாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எளிமைப்படுத்திய எழுத்து. தைவான் பள்ளிகளில் உச்சரிப்பைக் காட்டும் போபொமொஃபோ என்ற 37 குறியீடுகளும் இருக்கும், வெளிநாட்டவர் பின்யினிலேயே ஓட்டிவிடலாம். உங்களுக்கு மெயில் அனுப்புகிறவர்கள் எந்த ஊரோ அந்த எழுத்தைப் படியுங்கள், அவ்வளவுதான். தேர்வுச் சான்றிதழ் வேண்டும் என்றால் சீனாவுக்கு ஹெச்எஸ்கே, தைவானுக்கு டிஓசிஎஃப்எல். ஹெச்எஸ்கே பழைய ஆறு நிலைத் திட்டத்தில் முதல் நிலைக்கு 150 சொல், மூன்றாம் நிலைக்கு 600. 2021இல் வெளியிட்ட ஒன்பது நிலைத் தரத்தில் முதல் நிலைக்கே 500 சொல் என்று போட்டிருந்தார்கள். ஆகவே ஒரு பள்ளி "மூன்று மாதத்தில் ஹெச்எஸ்கே மூன்று" என்றால் எந்தத் திட்டத்தின் மூன்று என்று கேளுங்கள்.

பணம் கட்டுமுன் பள்ளிக்கு ஒரு மெயில் போட வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரம் என்று போட்டிருக்கும் ஒரு தனியார் பள்ளியில் என் நண்பர் சேர்ந்தார், போய்ப் பார்த்தால் அதில் பத்து மணி நேரம் "சுயகற்றல்", அதாவது நூலகத்தில் தனியாக உட்கார்வது, நான்கு மணி நேரம் தேநீர் விழா, எழுத்துத் தூரிகை, கொழுக்கட்டை மாதிரி மாவு மடிப்பது. மீதிதான் வகுப்பு. ஆகவே மணி என்றால் 45 நிமிடமா 50 நிமிடமா, ஆசிரியரோடு உட்காரும் நேரம் எவ்வளவு, ஒரு வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர், ஆட்கள் சேராவிட்டால் வகுப்பை ரத்து செய்வீர்களா, செய்தால் பணம் திரும்ப வருமா, நிலை சரியில்லை என்றால் முதல் வாரத்துக்குள் மாற்றித் தருவீர்களா, இவ்வளவையும் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதும் ஒரு பதில்தான். சென்னை ஏஜென்ட் மூலம் போனால் அவர் எந்தப் பள்ளியிடம் கமிஷன் வாங்குகிறாரோ அதைத்தான் ஆஹா ஓஹோ என்பார். பல்கலைக்கழக மையங்களுக்கெல்லாம் நேரடியாக நாமே விண்ணப்பிக்கலாம், ஏஜென்ட் தேவையே இல்லை.

காலண்டரையும் பாருங்கள். ஜனவரி கடைசி, பிப்ரவரியில் சந்திரப் புத்தாண்டு, சீனாவில் ஊரே காலி, தைவானிலும் ஒரு வாரம் கடையடைப்பு. நான்கு வாரப் படிப்பில் ஒரு வாரம் போனால் என்ன மிச்சம்? அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய விடுமுறை. ஜூலை முதல் செப்டம்பர் வரை தைவானில் புயல் வரும், புயல் விடுமுறை விட்டால் வகுப்பும் இல்லை, சென்னைக்காரருக்கு இது புதிதில்லை. பெய்ஜிங் குளிர்காலம் மைனஸ் பத்து வரை இறங்கும். நம் ஊர் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போக வேண்டாம், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு யாராவது நேரில் வந்து கேட்டால் இப்படிச் சொல்வேன். மூன்று மாதம் முழுசாக இருக்கிறது, வேலைத் தொல்லை இல்லை, புதிதாக ஆரம்பிக்கிறீர்கள்: இங்கே இரண்டு மாதம் காலை வகுப்பு, அப்புறம் தைபேயில் பல்கலைக்கழக மையத்தில் 15 மணி நேரப் பருவம், கூடவே வாரத்துக்கு இரண்டு தனி வகுப்பு. தைவானிலோ சீனாவிலோ வேலையில் இருக்கிறீர்கள்: மணிக்கணக்குத் தனி வகுப்பு, அதுவும் காலையில் ஆபீஸ் போகுமுன், மாலை நேரத்தை நம்பாதீர்கள். நான்கு வாரம் லீவு, கொஞ்சம் ஏற்கெனவே தெரியும்: குன்மிங். நான்கு வாரம் லீவு, ஒன்றுமே தெரியாது: போகாதீர்கள், லீவை ஊரிலேயே கழித்துவிட்டு ஆன்லைனில் ஆரம்பித்து அடுத்த வருடம் போங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நேரமும் கையில் குறைந்த பணமும் இருந்தால் பெய்ஜிங் பல்கலைக்கழகப் பருவம், விடுதியோடு. சிங்கப்பூரில் குடியிருக்கிறீர்கள்: சமூக மன்ற வகுப்பை வைத்துக்கொண்டு, விடுமுறையில் இரண்டு மூன்று வாரம் தைனான் பக்கம் போய் வாருங்கள்.

செப்டம்பர் பருவம் வேண்டும் என்கிறவர்கள் ஜூனிலேயே விண்ணப்பத்தை முடித்துவிடுவது நல்லது. வங்கி இருப்புச் சான்று, பட்டச் சான்றிதழ் நகல், படிப்புத் திட்டம் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். அந்தப் படிப்புத் திட்டத்தில் கலாச்சார ஆர்வம் என்று பொதுவாக எழுதாமல், எந்தக் கம்பெனி, என்ன வேலை, யாரோடு பேச வேண்டியிருக்கிறது என்று நேராக எழுதுங்கள். விசா நேர்காணலில் இருக்கிறவர் அதை வைத்துத்தான் கேள்வி கேட்பார், நுழைவில் எந்த நிலை வகுப்பு என்று முடிவு செய்யப் பள்ளி தனியாக ஒரு சின்னத் தேர்வு வைக்கும். அந்தத் தேர்வுக்கு முந்தின நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்யாதீர்கள், உண்மையான நிலையைவிட மேலே போய் உட்கார்ந்துவிட்டால் இறங்கி வர ஒரு வாரம் போய்விடும்.